நகராத கடை

மெய்ப்புத் திருத்துகிறவனுக்குக் கனவிலும் பிழைதான் வரும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இருபது வருடத்துக்கும் மேலாக வந்துகொண்டிருப்பது ஒரே பிழை. பத்து எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல், அதில் எட்டாவது எழுத்து.

2001இல் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் வேலை பார்த்தேன். பைக்குக்கு நம்பர் பிளேட், வேன் கண்ணாடிக்கு 'தாய் தந்தை ஆசி', கல்யாணக் காருக்கு மாப்பிள்ளை பெண் பெயர். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடித்து, கட்டிங் மெஷினில் வெட்டி, வேண்டாத பகுதியை ஊசிமுனையால் உரித்து எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஃபிளெக்ஸ் அப்போது எங்கள் பக்கம் அவ்வளவாக வந்து சேரவில்லை. கடைப் பலகை என்றால் தகரத்தில் பெயிண்ட், அதன்மேல் ஸ்டிக்கர் எழுத்து. ஆடிப்பூரத் தேர் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்திருந்த ஒரு மத்தியானம் ஓர் அண்ணாச்சி வந்தார். தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் நோட்டு, பேனா, கவர் விற்கிற கடை போடுகிறார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. பன்னிரண்டு அடிக்கு மூன்று அடி, நீலப் பலகை, வெள்ளை எழுத்து. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளை விட்டுத் தினக்காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி வந்திருந்தார். மேலே குலதெய்வத்தின் பெயர், கீழே ஆங்கிலத்தில் 'ஸ்டேஷனரி'. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே அடித்தேன். ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதேதான். என்ன, 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஏ'யை அடித்துவிட்டேன்.

'ஏ' போட்டால் நகராமல் நிற்பது. 'ஈ' போட்டால் நோட்டு, பேனா, பென்சில். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். கடை திறந்த அன்று காலை, கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிற ஒரு சார் ரீஃபில் வாங்க வந்தவர், தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்திருக்கிறார். "என்ன அண்ணாச்சி, உங்க கடை நகராதுன்னு போர்டு வச்சிருக்கீங்க? கடை எங்கயாவது நகருமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அண்ணாச்சி எங்கள் கடை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "நாங்கதான் படிக்காதவங்க தம்பி. கம்ப்யூட்டர் படிச்ச நீங்க பாத்திருக்க வேண்டாமா?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் நான் இவ்வளவு வருடம் இதைச் சுமந்திருக்க மாட்டேன். காலண்டர் தாளைத் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்திருக்க முடியுமா? பலகைக்கு அண்ணாச்சி தர வேண்டிய பாக்கி நானூறு ரூபாயைத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும், அது என் கணக்கில்தான் கழியும் என்றும் முதலாளி சொன்னார். என் சம்பளம் 1,400. இரண்டு மாதம் இருநூறு இருநூறாகப் பிடித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏணியைச் சார்த்தி நானே ஏறினேன். பத்து நாள் வெயிலில் ஒட்டிப்போயிருந்த ஸ்டிக்கர் லேசில் வராது. பிளேடை 'ஏ'யின் கால் நுனியில் கொடுத்து நெம்பினால் ஒரு விரல்கடை நீளம் வரும், அறுந்துவிடும். திரும்ப நெம்ப வேண்டும். நடுவில் உள்ள குறுக்குக்கோடு மட்டும் முழுசாக வந்தது. பசை அப்படியே தங்கிவிட்டது. தின்னர் போட்டால் பெயிண்டும் சேர்ந்து கரையும் என்பதால் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். அதற்குள் பிளேடு இரண்டு இடத்தில் அழுந்தி, நீலம் போய்த் தகரம் தெரிந்தது. அதன்மேல் புது 'ஈ'யை ஒட்டினேன். ரோட்டில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏணியில் நின்று பார்த்தால், 'ஈ'யின் முதுகுக்குப் பின்னால் இரண்டு சாய்வுக் கோடுகள் தெரிந்தன.

ரைட், ரைட்

அதற்கப்புறம் எனக்கு ஒரு வியாதி வந்தது. எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும், இதே ஒலியில் வேறு எழுத்தோடு இன்னொன்று எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். முதலில் பயத்தில் தேடினேன். போகப் போக ருசி கண்டுவிட்டது. பழைய பேப்பர் கடையில் ஒரு குண்டு அகராதி எடைக்குக் கிடைத்தது. ராத்திரியில் அதுதான் துணை. பள்ளிக்கூடத்தில் படித்த 'சீ', 'மீட்', 'வீக்' எல்லாம் அலுத்துவிட்டது. எனக்குப் பிடித்தது 'ரைட்'. பஸ் கண்டக்டர் விசில் கிடைக்காத நேரத்தில் "ரைட், ரைட்" என்று கத்துவாரே, அது சரி என்கிற ரைட். முன்னால் ஒரு 'டபிள்யூ' போட்டு, எழுத்தையும் மாற்றினால் எழுது என்கிற ரைட். ஆர், ஐ, டி, ஈ என்று போட்டால் சடங்கு. இவை போக நான்காவது ஒன்று உண்டு: சரி என்கிற சொல்லுக்கு முன்னால் 'டபிள்யூ'வைச் சேர்த்தால் செய்கிறவன், தச்சன். நாடகாசிரியரை ஆங்கிலத்தில் 'பிளேரைட்' என்கிறார்களே, அந்த ரைட் எழுதுகிற ரைட் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நாடகத்தை எழுதுகிறவன் இல்லையாம். வண்டி செய்கிறவன், கப்பல் செய்கிறவன் மாதிரி நாடகத்தைச் செய்கிறவன், கட்டுகிறவன். அது தெரிந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. நம் எழுத்தில் நான்கும் 'ரைட்'தான். ஒலித்ததை அப்படியே எழுதிவிடுகிற நம் லிபி, ஆங்கிலேயன் முந்நூறு நானூறு வருடமாகப் பிரித்து வைத்திருக்கிற பங்காளிகளை ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. அதனால்தான் உங்களை எழுத்து எழுத்தாக எண்ண வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து ஏன் வேறாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பள்ளியில் கிடைத்த பதில், "இங்கிலீஷ் அப்படித்தான்டா, மனப்பாடம் பண்ணு." உண்மையான பதில் மிகவும் எளிது: ஒரு காலத்தில் ஒலியும் வேறாக இருந்தது. போர்வீரனைக் குறிக்கும் 'நைட்' கே, என், ஐ, ஜி, எச், டி. இரவைக் குறிக்கும் 'நைட்'டில் அந்தக் 'கே' மட்டும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கே'யையும் சொன்னார்கள். நடுவில் இருக்கிற 'ஜி, எச்'சையும் தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒலித்தார்கள். அதாவது ஒன்று கிட்டத்தட்ட 'க்னிஹ்ட்', இன்னொன்று 'நிஹ்ட்'. 'க்னெஹ்ட்' என்று ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அவர்களிடம் அதற்குப் பொருள் பண்ணையாள். ஆங்கிலத்திலும் முதலில் அது பையன், ஏவலாள் என்றுதான் இருந்தது. அந்தப் பையனைக் குதிரையில் ஏற்றிக் கவசம் மாட்டிவிட்டு, அப்புறம் அவன் தலையிலிருந்த ககரத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் போட்டபோது அந்தக் ககரம் வாயில் உயிரோடு இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் முடிவுவாக்கில் பெரும்பாலும் போய்விட்டது. அதற்குள் அச்சு எழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வாய் நகர்ந்தது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது.

'மீட்' கதையும் இதுதான். சந்திப்பது, இறைச்சி. ஒன்றில் இரண்டு 'ஈ', இன்னொன்றில் 'ஈ, ஏ'. 14ஆம் நூற்றாண்டில் இரண்டுமே ஏகாரத்தின் பக்கம்தான் இருந்தன. ஒன்றுக்கு வாய் கொஞ்சம் மூடியிருக்கும், மற்றதற்கு அகலத் திறக்கும். சுமார் 1400 தொடங்கி முந்நூறு வருடத்தில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறின. ஏகாரங்கள் படி ஏறி ஈகாரத்தில் வந்து முட்டிக்கொண்டன. தேநீரை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட 'டே' என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அலெக்சாண்டர் போப், 'ஒபே' என்ற சொல்லுக்கு இயைபாகத் தேநீரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஒரு சில சொற்கள் மட்டும் படி ஏறாமல் பிடிவாதமாக உட்கார்ந்துகொண்டன. 'கிரேட்', 'பிரேக்', 'ஸ்டேக்' மூன்றிலும் 'ஈ, ஏ' இருந்தும் ஏகாரமாகவே சொல்கிறோமே, அது இதனால்தான். உடைப்பதற்கும் வண்டியை நிறுத்துவதற்கும் ஒரே 'பிரேக்' ஆனதும் அந்தப் பிடிவாதத்தால்தான்.

இப்படிப்பட்ட ஜோடிகளை நான் ரயில் சிநேகம் என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கேயோ பிறந்து, எங்கேயோ வளர்ந்து, ஒரே பெட்டியில் வந்து உட்கார்ந்தவர்கள். ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பதைத் தவிர உறவு ஏதும் கிடையாது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு இந்தச் சிநேகத்தின்மேல் சரியான கோபம். இங்கிலாந்தின் அரசவைக் கவியாக இருந்தவர். 1919இல் இதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதி, இப்படி ஒலி ஒன்றிப்போவது மொழிக்குக் கேடு, தென்னிங்கிலாந்தின் புதுப்பாணி உச்சரிப்பு இன்னும் பல ஜோடிகளை உண்டாக்குகிறது என்று வருத்தப்பட்டார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. லண்டன்காரர் வாயில் தொட்டுக்கொள்கிற 'சாஸ்' என்பதும் மூலம் என்ற பொருளுள்ள 'சோர்ஸ்' என்பதும் ஒன்றாகிவிடும். ரகரத்தை விட்டுக்கொடுக்காத ஸ்காட்லாந்துக்காரருக்கும் நமக்கும் அந்தத் தொல்லை இல்லை.

நமக்கு வேறு தொல்லை இருக்கிறது. 'வி', 'டபிள்யூ' இரண்டும் நமக்கு வகரம்தான். மேற்கும் பனியனும் நமக்கு ஒரே 'வெஸ்ட்'. அதே ஸ்டிக்கர் கடையில் ஒரு கிரைண்டர் வியாபாரி எழுதிக் கொடுத்த சீட்டில், ஈரம் என்கிற 'வெட்'டுக்குப் பதில் 'வி' போட்ட 'வெட்' இருந்தது. கால்நடை மருத்துவர்களை அரைக்கிற இயந்திரம். ஏற்கெனவே நானூறு ரூபாய் கொடுத்துப் படித்திருந்ததால் அதை நான் பிடித்துவிட்டேன். வியாபாரி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாக் கடையிலும் இப்படித்தான் போட்டிருக்கான், நீங்க அடிங்க தம்பி" என்றார். நான் 'டபிள்யூ' போட்டேன், அவரும் கண்டுகொள்ளவில்லை.

நூலகத்தில் ஒரு மத்தியானம்

இருபத்தெட்டு வயதில் சென்னைக்கு வந்து, பள்ளிப் பயிற்சி நூல்கள் போடுகிற இடத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலையில் சேர்ந்தேன். பிழையைத் தின்று வளர்ந்தவனுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும்? 2013 வாக்கில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலப் பயிற்சி நூல் ஒன்று வந்தது. 'ஒரே ஒலி, வேறு எழுத்து' என்று இரண்டு பக்கம். அதில் என் ஜோடி இருந்தது. பக்கத்தில் வழக்கமான நினைவுக் குறிப்பு: என்வலப்புக்கு 'ஈ', ஆகவே எழுதுபொருளுக்கும் 'ஈ'. அதைப் பார்த்ததும் ஏணியும் மண்ணெண்ணெய் வாசனையும் வந்துவிட்டன. குறிப்பு எனக்குப் போதவில்லை. நகராததற்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் என்ன பகை, எதற்காக ஒருத்தன் இரண்டுக்கும் ஒரே ஒலியை வைத்தான்? அந்தச் சனிக்கிழமை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், சொற்பிறப்பு அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் எதிர்பார்த்தது இன்னொரு ரயில் சிநேகத்தை. அகராதி சொன்னது வேறு. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் 'ஸ்டாட்டியோ' என்றால் நிற்கிற இடம். இடைக்கால ஐரோப்பாவில் வியாபாரி என்றால் பெரும்பாலும் தலையில் மூட்டையோடு ஊர் ஊராகப் போகிறவன். அவர்களுக்கு நடுவே, ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்தவனுக்கு 'ஸ்டாட்டியோனாரியுஸ்' என்று பெயர். நிற்கிறவன், நகராதவன். அப்படி நகராமல் உட்கார்ந்திருந்தவர்கள் முக்கியமாக யார் என்றால், பல்கலைக்கழக ஊர்களில் புத்தக வியாபாரம் செய்தவர்கள். மாணவர்கள் அங்கேயே இருந்ததால் கடையும் அங்கேயே இருந்தது. ஆங்கிலத்தில் அவன் 'ஸ்டேஷனர்' ஆனான். அவன் விற்கிற காகிதமும் மையும் இறகும் 'ஸ்டேஷனரி' ஆயின. கடைசியில் நிற்கிறதற்கு 'ஏ', விற்கிறதற்கு 'ஈ' என்று எழுத்தைப் பிரித்துக்கொடுத்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள்.

அதாவது, நகராத கடை என்பதால்தான் அதற்கு அந்தப் பெயரே.

புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "கடை எங்கயாவது நகருமா" என்று அந்த சார் கேட்டதற்குப் பதில் பன்னிரண்டு வருடம் கழித்துக் கிடைத்திருந்தது. நகரும் சார், ஒரு காலத்தில் கடைகள் நகர்ந்துகொண்டுதான் இருந்தன. நகராமல் நின்றது அதிசயம், அதனால் அதையே பெயராக வைத்தார்கள். அப்புறம் இன்னொன்று உறைத்தது. எங்கள் ஊரில் தேர் நான்கு வீதியும் சுற்றித் திரும்பியதும் "தேர் நிலைக்கு வந்தாச்சு" என்பார்கள். நில், நிலை, நிலையம், நிலையான. ரயில் நிலையத்துக்கும் போலீஸ் நிலையத்துக்கும் நாம் வைத்த பெயரிலும் அதே நிற்றல்தான். அண்ணாச்சியின் கடை தேர் நிலையிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. இதையெல்லாம் அன்றைக்கே எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

அந்த இடைக்கால ஸ்டேஷனர்களைப் பற்றி அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர்கள் புத்தகம் விற்றதைவிட வாடகைக்கு விட்டது சுவாரசியமான தொழில். அச்சு வராத காலம். பாடப்புத்தகத்தின் மூலப் பிரதியைத் தைக்காமல் சிறு சிறு கட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு மாணவன் ஒரு கட்டை வாடகைக்கு எடுத்து, நகல் எழுதிக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டை எடுப்பான். ஒரே நேரத்தில் பல பேர் ஒரே புத்தகத்தின் வேறு வேறு பகுதிகளை எழுதிக்கொண்டிருக்கலாம். கல்லூரி வாசலில் இருக்கிற நம் ஜெராக்ஸ் கடைதான், கையால் ஓடியது. வாடகையைப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும். இத்தாலியின் பொலோனியாவில் மூலப் பிரதியைச் சரிபார்க்க ஆள் போட்டிருந்தார்கள். அதில் பிழை இருந்தால் கடைக்காரருக்கு அபராதம். எனக்கு எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே என் சாதிக்காரர்கள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்திருக்கிறார்கள். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றிக் கடை போட்டிருந்தவர்கள் 1403இல் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1557இல் அரச சாசனம் கிடைத்தது. அதற்கப்புறம் நெடுங்காலம் இங்கிலாந்தில் பெரும்பாலான புத்தகங்களை அச்சடிக்க இந்தக் கடைக்காரர்களின் பதிவேட்டில் எழுதி உரிமை வாங்க வேண்டியிருந்தது.

பாகப்பிரிவினை

அன்றிலிருந்து ரயில் சிநேகங்கள்மேல் இருந்த மோகம் கொஞ்சம் குறைந்தது. பாகம் பிரிந்த சகோதரர்களைத் தேட ஆரம்பித்தேன். முதலில் மாட்டியது 'ஃபிளவர்'. பூவும் மாவும். மாவைக் குறிக்கும் சொல்லும் பூதான். கோதுமையை அரைத்துச் சலித்தால் கிடைக்கிற மிக மென்மையான, மேலான பகுதியை அதன் பூ என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் நயமான மாவை 'மாவின் பூ' என்றே சொல்கிறார்கள். உயர்ந்ததைக் குலக்கொழுந்து என்று நாம் சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. ஆங்கிலத்தில் பல நூறு வருடம் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் பூவுக்கு ஓர் எழுத்துக்கூட்டு, மாவுக்கு ஓர் எழுத்துக்கூட்டு என்று பிரித்துக்கொண்டார்கள். பரோட்டாக் கடையில் மைதா மூட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும் போலிருக்கும். ஒருமுறை சொன்னேன். "சால்னா ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

'மெட்டல்' இன்னொன்று. உலோகம் ஒன்று, மனஉரம் ஒன்று. இவன் எந்த உலோகத்தில் வார்த்தவன் என்று பார்ப்பதுதானே மனஉரம்? ஷேக்ஸ்பியர் காலத்தில் எந்தப் பொருளுக்கு எந்த எழுத்து என்ற கட்டுப்பாடே கிடையாது, மாற்றி மாற்றி எழுதினார்கள். 'கியூ' அதைவிட வேடிக்கை. ரேஷன் கடையில் நிற்கிற கியூவில் ஐந்து எழுத்து. முதல் எழுத்துதான் வேலை செய்கிறது, மற்ற நான்கும் அதன் பின்னால் சும்மா வரிசையில் நிற்கின்றன. பிரெஞ்சு மொழியில் அதற்கு வால் என்று பொருள். பில்லியர்ட்ஸ் ஆடுகிற கோல் மூன்றே எழுத்தில் ஒரு 'கியூ'. அதுவும் அதே வால்தான், பங்கு பிரிக்கும்போது இரண்டெழுத்தை விட்டுக்கொடுத்துவிட்டது.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஒன்று 'ஐல்'. தீவு ஒன்று, சூப்பர் மார்க்கெட்டில் ரேக்குகளுக்கு நடுவே உள்ள நடைபாதை ஒன்று. நடைபாதைக்கு மூலம் பிரெஞ்சு மொழியில் சிறகு. தேவாலயத்தின் நடுக்கூடத்துக்கு இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீள்கிற பகுதிக்கு முதலில் அந்தப் பெயர். ஒலி ஒத்துப்போனதால் தீவோடு போட்டுக் குழப்பி, தீவிலிருந்து ஒரு 'எஸ்'ஸைத் திருடிச் சிறகில் செருகிவிட்டார்கள். உறவே இல்லாதவனை உறவென்று நம்பி எழுத்தில் பங்கு கொடுத்த கேஸ் இது. விமானத்தில் நடைபாதை சீட் கேட்கிறவர், தெரியாமலே சிறகில் இடம் கேட்கிறார்.

கரியும் கறியும்

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனால், "ஏன்யா, தமிழில் இல்லாததா?" என்று என் நண்பர் ஒருவர் குறுக்கே விழுவார். இருக்கிறது. மயங்கொலி என்று பெயர் வைத்து, எட்டு எழுத்தைப் பட்டியல் போட்டுப் பள்ளியில் அடி வாங்கியிருக்கிறோமே. கரி அடுப்பில் எரிகிறது, கறி அடுப்பின் மேலே வேகிறது. கசாப்புக் கடைப் பலகையில் 'ஆட்டுக்கரி' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதவர் உண்டா? நானும் சிரித்தவன்தான். ஆனால் ஆங்கிலப் பைத்தியம் பிடித்த பிறகு அந்தப் பலகையை வேறு மாதிரி பார்க்கிறேன். தொல்காப்பியம் ரகரத்துக்கு நாவின் நுனி அண்ணத்தை வருட வேண்டும் என்கிறது. றகரத்துக்கு ஒற்ற வேண்டும் என்கிறது. ஒன்று தடவல், இன்னொன்று அழுத்தல். நாகர்கோவில் பக்கத்துப் பெரியவர்கள் பேசும்போது இன்றைக்கும் றகரம் தனியாகக் கேட்கும். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் அந்த அழுத்தல் எப்போதோ போய்விட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது. 'ஆட்டுக்கரி' எழுதிய பெயிண்டர் தன் காதுக்குக் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறார். எழுத்துத்தான் அவருக்கு அந்தப் பக்கம் பழைய காலத்தில் நிற்கிறது.

இதற்காகப் பிழையை விட்டுவிடு என்று சொல்ல வரவில்லை. சம்பளம் வாங்குவதே அதைப் பிடிப்பதற்குத்தான்; இன்று காலைகூட ஒரு 'அரம் செய விரும்பு'வைத் திருத்திவிட்டுத்தான் வந்தேன். அரத்தால் எதையாவது ராவ விரும்பியிருப்பார் போல. சிவப்பு மையில் சுழிக்கும்போது முன்பு வந்த ஒரு சின்னக் குரூர சந்தோஷம் மட்டும் இப்போது வருவதில்லை.

2019இல் ஒரு கல்யாணத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, பந்திக்கு நேரம் இருந்ததால் தேரடிப் பக்கம் நடந்தேன். கடை அங்கேயேதான் இருந்தது. மகன் கல்லாவில், மேலே லைட் எரிகிற புதுப் பலகை. அண்ணாச்சி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுகளுக்கு விலை ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது. "ஏணி போட்டு ஏறின தம்பிதான நீங்க?" ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் மூட்டை வியாபாரி, நகராத கடை, லத்தீன், தேர் நிலை என்று மொத்தத்தையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நம்ம போர்டு சரியாத்தான் இருந்திருக்கு."

"சரின்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. இப்ப எழுதுனா தப்புதான். ஆனா அந்த சார் சிரிச்ச அளவுக்குத் தப்பு இல்ல."

"அது சரி."

பேச்சுவாக்கில் அந்த நானூறு ரூபாயைப் பற்றியும் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான். அவர் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன நானூறு? நீங்க 'ஈ' ஒட்டுன அன்னைக்குச் சாயங்காலமே பாக்கி பூராவையும் உங்க முதலாளி கையில குடுத்துட்டேனே தம்பி."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே எழுந்து, "வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பழைய பலகை அங்கே இருந்தது. அட்டைப் பெட்டிகள் மழையில் நனையாமல் இருக்கச் சுவரில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஸ்டிக்கர் எழுத்துகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. வெயிலில் நீலம் வெளுத்துப்போய், எழுத்து இருந்த இடங்கள் மட்டும் அடர்ந்த நீலமாகத் தெரிந்தன. எட்டாவது இடத்தில் 'ஈ' இருந்தது. அதன்மேல் இரண்டு துருக்கோடுகள், மேலே நெருங்கி, கீழே விலகி.

"இது என்ன தம்பி, இந்த இடத்துல மட்டும் இப்பிடித் துருப்பிடிச்சிருக்கு?"

"பிளேடு பட்டது அண்ணாச்சி" என்றேன்.